மீட்கப்பட்ட மலைச் சதுப்பைப் படிப்பது எப்படி? நீலகிரியில் புதிதாக இறங்குபவர்களுக்கு

நீலகிரியில் ஒரு சதுப்பு மீண்டு வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் மார்ச் மாதம் போய்ப் பாருங்கள். நவம்பரில் எல்லாப் பள்ளமும் பச்சையாகத்தான் இருக்கும். மழை பெய்த கையோடு கால் புதையாத இடமே கிடையாது. மழை நின்று பல வாரம் ஆகி, உறைபனி கருக்கி, மேட்டுப் புல் எல்லாம் வைக்கோல் நிறத்துக்குப் போன பிறகும் பள்ளத்தின் நடுவில் காலை வைத்தால் 'சளக்' என்று நீர் மேலே வருகிறதா? அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

தன்னார்வலராக, கல்லூரி மாணவராக, அல்லது தன் நிலத்தின் ஓரத்தில் கிடக்கும் சதுப்பைக் காப்பாற்ற நினைக்கும் விவசாயியாக முதன்முறை இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் குழாய், ஒரு மண் துளைக்கருவி, செடிகளை எண்ண ஒரு சதுர மரச்சட்டம், சமையலறைத் தராசு, நோட்டு, பொறுமை. இவற்றை வைத்தே பெரும்பாலானதைச் செய்துவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். தண்ணீர் சில மாதங்களில் திரும்பும். செடிகள் சில ஆண்டுகளில் திரும்பும். மண் திரும்பத் தலைமுறைகள் ஆகும். கண்ணுக்கு முதலில் தெரிவது செடியின் பச்சை என்பதால் எல்லோரும் அதை வைத்தே தீர்ப்புச் சொல்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

எந்த மாதிரி நிலம் இது

நீலகிரியின் மேல்மட்டம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அலை அலையாய் மடிந்து கிடக்கிறது. சரிவில் புல்வெளி, மடிப்புகளில் சோலை, பள்ளத்தின் அடியில் சதுப்பு. சரிவில் இறங்கும் நீர் பள்ளத்தில் தேங்குகிறது. தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் எளிதில் நுழைவதில்லை. குளிரும் சேர்ந்துகொள்வதால் செத்த வேரும் தண்டும் முழுவதும் மட்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. அதுதான் 'பீட்' எனப்படும் கறுப்பு மண். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பீட் நிலங்கள் பெரும்பாலும் ஸ்பாக்னம் என்ற தரைப்பாசியால் ஆனவை. நம் மலையில் அது பெரும்பாலும் புல்லாலும் கோரையாலும் ஆனது.

இந்த மண்ணின் வயதைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், நீலகிரிப் பீட்டின் கார்பனை வைத்து ஏறத்தாழ 20,000 ஆண்டுப் பருவநிலையைப் படித்தார்கள். வறண்ட காலத்தில் வளரும் புல் வகையும் ஈரமான காலத்தில் வளரும் செடி வகையும் கார்பனை வேறு வேறு விகிதத்தில் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கு மண்ணிலேயே எழுதிக் கிடக்கிறது. பிறகு நீலகிரியின் சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கில் எடுத்த பீட் 40,000 ஆண்டுக்கும் பழையது என்று தெரிந்தது. கேரட் பாத்திக்காக ஒரு வடிகால் வெட்டும்போது கலைவது இந்த ஏடுதான்.

படி 1: யாருடைய இடம், யாரைக் கேட்க வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவிர்க்க முடியாது. சதுப்பு வனத்துறையிடம் இருக்கலாம், வருவாய்த்துறைப் புறம்போக்காக இருக்கலாம், பட்டாவாக இருக்கலாம். எதுவானாலும் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்கிய பிறகே மண்ணைத் தொடுங்கள். அருகில் தோடர் பழங்குடியினரின் மந்து, அதாவது குடியிருப்பு, இருந்தால் முதலில் அங்கே போய்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அந்தப் பள்ளம் அவர்களுடைய எருமைகள் மேயும் இடமாகவோ கோயிலைச் சேர்ந்த இடமாகவோ இருக்கலாம். சில இடங்களில் கால் வைக்கவே கூடாது.

தனியாகப் போக வேண்டாம். காட்டெருமைகள் சதுப்பில் மேய வரும். காலை மூடுபனியில் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அட்டைக்கு உப்பு, ஆளுயரக் கம்பு ஒன்று. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கம்பை ஊன்றிப் பாருங்கள்.

படி 2: ஒப்பிட இன்னொரு சதுப்பு

மீட்கப்பட்ட சதுப்பை மட்டும் அளந்தால் அந்த எண்களுக்குப் பொருள் கிடைக்காது. அதே உயரம், அதே மழை, ஏறத்தாழ அதே சரிவு கொண்ட, அதிகம் கைபடாத இன்னொரு சதுப்பைத் தேடிப் பிடியுங்கள். மழை விஷயத்தில் கவனமாக இருங்கள். அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையும் பெரிய பங்கு வகிக்கும். மேற்குச் சதுப்பையும் கிழக்குச் சதுப்பையும் ஒப்பிட்டால் உங்கள் கணக்கு தவறிப்போகும்.

முடிந்தால் மூன்றாவதாக, இன்னும் வடிகாலும் காய்கறியுமாக இருக்கும் ஒரு பள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கெட்டது, மீள்வது, நல்லது. மூன்றையும் ஒரே வாரத்தில் அளந்தால் படம் தெளியும்.

படி 3: தண்ணீர்

முதல் வேலை, நிலத்தடி நீர்மட்டத்தைக் கண்காணிக்கும் குழாய் இறக்குவது.

ஒன்றரை அல்லது இரண்டு அங்குல பிவிசி குழாயில் 120 சென்டிமீட்டர் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ்ப்பக்கம் 90 சென்டிமீட்டருக்கு, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் ஹேக்ஸா பிளேடால் கீறல் போடுங்கள். அடியில் மூடி. கீறல் உள்ள பகுதியில் மெல்லிய வலைத்துணி சுற்றிக் கட்டுங்கள், இல்லையென்றால் ஒரே மழையில் சேறு அடைத்துக்கொள்ளும். துளைக்கருவியால் குழி எடுத்து, 90 சென்டிமீட்டர் உள்ளேயும் 30 சென்டிமீட்டர் வெளியேயும் இருக்குமாறு இறக்குங்கள். மேலே மூடி போடுங்கள், ஆனால் காற்றுப் போக ஒரு சிறு துளை வேண்டும்.

ஒரு சதுப்புக்குக் குறைந்தது மூன்று குழாய்: வறண்ட ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, நீர் வெளியேறும் வாய்க்கு அருகே ஒன்று. ஒரு நாள் கழித்து வந்து அளவு நாடாவை விட்டுப் பாருங்கள். குழாயின் வாயிலிருந்து நீர் 47 சென்டிமீட்டரில் இருக்கிறது, குழாய் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர் நிற்கிறது என்றால், நீர்மட்டம் தரைக்குக் கீழே 17 சென்டிமீட்டர்.

அந்த 30 சென்டிமீட்டரை ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும். பீட் மண் மழையில் உப்பும், கோடையில் தாழும். குழாய் அப்படியே நிற்கும், தரை ஏறி இறங்கும். முதல் நாள் அளவையே ஆண்டு முழுக்கக் கழித்துக்கொண்டிருந்தால் சில சென்டிமீட்டர் பிழை உள்ளே புகுந்துவிடும்.

எந்த எண் நல்ல எண்? செடிகள் வளரும் காலத்தில் தொடர்ந்து இரண்டு வாரமாவது நீர்மட்டம் தரையிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் நின்றால் அந்த மண் ஈரநில மண்ணாகவே வேலை செய்கிறது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். பீட் சேர வேண்டுமென்றால் இது போதாது. ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேயே இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து கோடு வரையுங்கள். நல்ல சதுப்பின் கோடு மெல்லச் சரியும். வடிகால் உள்ள சதுப்பின் கோடு மழை நின்றதும் படிக்கட்டில் விழுந்த மாதிரி இறங்கும்.

கோத்தகிரிப் பக்கம் நாங்கள் முதன்முதலில் மீட்கப் பார்த்த பள்ளத்தில் நவம்பரில் நீர் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. மார்ச்சில் போனால் மூன்று குழாயும் காலி. இரண்டு நாள் முட்டிபோட்டுத் தேடினோம். பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் கேட்டார்: "என்னப்பா தேடுறீங்க? கானா? அது அந்த மெத்தைப் புல்லுக்கு அடியிலல்ல ஓடுது!" கிக்குயு புல்லை விலக்கிப் பார்த்தால், முழங்கை ஆழத்தில் பழைய கான் ஒன்று சலசலத்துக்கொண்டிருந்தது. வடிகாலை இங்கே தோட்டத்து ஆட்கள் கான் என்றுதான் சொல்வார்கள். காய்கறி போட்ட காலத்தில் வெட்டியது, யாருக்கும் நினைவில்லாமல் இரவும் பகலும் சதுப்பை வற்றவைத்துக்கொண்டிருந்தது. அதை அடைத்த பிறகு வந்த மார்ச்சில் குழாயில் தண்ணீர் இருந்தது.

கான் அடைப்பதற்கும் முறை உண்டு. அதே கானின் ஓரத்திலிருந்து எடுத்த ஈரமான பீட் கட்டிகளை, பலகை அல்லது தென்னைநார் உருளையின் துணையோடு அழுத்தி மிதித்து அடையுங்கள். அடைப்பு கானைவிட அகலமாக இருபுறமும் தரைக்குள் நுழைய வேண்டும். தரைமட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் நீர் பக்கவாட்டில் பரவும். ஓர் அடைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே நீர்மட்ட வித்தியாசம் ஒரு சாணுக்குள் இருக்கட்டும். ஒரே ஒரு பெரிய அடைப்பு போட்டால் முதல் பெருமழையில் அதன் அடியில் நீர் அரித்து, முன்பைவிட ஆழமான பள்ளமாக்கிவிடும்.

அடுத்தது ஓட்டம். நீர் வெளியேறும் இடத்தில் ஒரு குழாயோ தகடோ வைத்து நீரைக் குவித்து, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 15 லிட்டர் வாளி 30 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு அரை லிட்டர். ஊர்ப் பெண்களிடம் பழைய கணக்கையும் கேட்டு எழுதுங்கள். கோடையில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆனது என்று அவர்கள் சொல்வது, வேறெங்கும் பதிவாகாத தரவு.

சதுப்பை எல்லோரும் ஸ்பாஞ்ச் என்கிறார்கள். அதைப் பாதி மட்டும் நம்புங்கள். நிரம்பிய ஸ்பாஞ்ச் மேற்கொண்டு உறிஞ்சாது. 2019 ஆகஸ்ட் 8-இல் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. அப்படிப்பட்ட மழையை எந்தச் சதுப்பும் பிடித்து வைக்காது. அடர்ந்த கோரை, நீரின் வேகத்தைத் தணிக்கும், மண்ணை வடிக்கும், சரிவிலிருந்து கசியும் நீரை மெதுவாக விடும். அதைச் சொன்னாலே போதும். மிகையாகச் சொல்லிவிட்டு, பிறகு வெள்ளம் வரும்போது ஊரார் முன்னால் நிற்க முடியாது.

நீரின் தரத்துக்கு உள்ளே வரும் இடம், வெளியே போகும் இடம் இரண்டிலும் அளக்க வேண்டும். ஒற்றை எண் எதையும் சொல்லாது, வித்தியாசம்தான் சொல்லும். பிஎச் பேனா (அமிலத்தன்மைக்கு), டிடிஎஸ் பேனா (கரைந்த உப்புகளுக்கு), நைட்ரேட் பட்டை (நிறம் மாறிக் காட்டும் சோதனைத் தாள்) மூன்றும் போதும். மேலே உரம் போட்ட காய்கறித் தோட்டம் இருந்தால் உள்ளே வரும் நீரில் நைட்ரேட் ஏறியிருக்கும். இந்தியக் குடிநீர்த் தர அளவுகோல் அனுமதிப்பது லிட்டருக்கு 45 மில்லிகிராம். காற்றில்லாத சேற்றில் உள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாக வெளியே விடுகின்றன. ஆகவே சதுப்பு வேலை செய்தால் வெளியேறும் நீரில் நைட்ரேட் குறைந்திருக்க வேண்டும்.

பாஸ்பேட் இதற்கு நேர் எதிராக நடந்து உங்களைக் குழப்பும். பல ஆண்டு காம்ப்ளெக்ஸ் உரம் வாங்கிய மண்ணில் பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டிக் கிடக்கும். அந்த மண்ணை மீண்டும் நனைத்தால் இரும்பு கரையும், பாஸ்பரஸ் விடுபடும், ஓடையில் பச்சைப் பாசி படரும். முதல் ஓரிரண்டு ஆண்டு இப்படி இருக்கலாம். அடைப்பைப் பிடுங்க இது காரணமாகாது.

இன்னொன்று: தேங்கிய நீரின் மேல் எண்ணெய் படலம் போல வானவில் நிறத்தில் மின்னும். பார்த்தவுடன் யாரோ டீசல் ஊற்றிவிட்டார்கள் என்று புகார் செய்யக் கிளம்பாதீர்கள். ஒரு குச்சியால் படலத்தைக் கிழியுங்கள். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் அது இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் படலம். கிழித்த இடம் உடனே மூடிக்கொண்டு சுழன்றால் அது எண்ணெய்.

படி 4: செடிகள்

வறண்ட ஓரத்திலிருந்து ஈரமான நடுப்பகுதி வழியாக எதிர் ஓரம் வரை ஒரு கயிறு கட்டுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வையுங்கள். சட்டத்துக்குள் ஒவ்வொரு வகைச் செடியும் நூற்றில் எத்தனை பங்கு தரையை மூடியிருக்கிறது என்று எழுதி, நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். கயிற்றின் இரு முனையிலும் கல் நட்டு வையுங்கள். அடுத்த ஆண்டும் இதே கோடு வேண்டும்.

எல்லாச் செடியின் பெயரும் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். முதலில் புல்லையும் கோரையையும் பிரிக்கப் பழகுங்கள். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டினால் பெரும்பாலும் கோரை. உருண்டையாக, இடையிடையே கணு முட்டினால் புல். உருண்டையாக, கணுவே இல்லாமல், கிள்ளினால் உள்ளே பஞ்சு மாதிரி இருந்தால் ஜன்கஸ் என்ற, கோரை போன்ற இன்னொரு ஈரநிலச் செடியாக இருக்கலாம். இந்த மூன்றையும் இருட்டில் கூடப் பிரிக்க முடிகிற அளவுக்கு விரல் பழகிவிட்டால், சதுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்தபடியே சொல்லிவிடுவீர்கள்.

பிறகு நல்ல அறிகுறிகளைத் தேடுங்கள். வெள்ளைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்த மாதிரிப் பூக்கும் எரியோகாலன். இலை நுனியில் பிசுபிசுத்த பனித்துளி ஏந்திப் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி. நீருக்கு மேலே சிறிய பூவை மட்டும் காட்டிவிட்டு, அடியில் நுண்ணிய பைகளால் உயிரினங்களை உறிஞ்சும் யூட்ரிகுலேரியா. இவை பூச்சியைப் பிடிப்பது மண்ணில் நைட்ரஜன் கிடைக்காததால். உரம் ஊறிய மண்ணில் இவற்றுக்கு இடமில்லை, கொழுத்த புல் மூடிவிடும். ஆகவே அழுகண்ணி திரும்பி வந்த சட்டத்தைப் பார்த்தால் நோட்டில் சிவப்பு மையால் வட்டம் போடுங்கள். தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் எரியோகிரைசிஸ் புல்லும் சதுப்பில் வளர்வதுதான். அது எங்கே இருந்தது, எங்கே அழிந்தது என்று அவர்களைக் கேட்டாலே பழைய சதுப்புகளின் வரைபடம் கிடைத்துவிடும்.

கெட்ட அறிகுறிகளில் முதலிடம் கிக்குயு புல்லுக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மெத்தை போல் தரையை மூடும், பார்க்க அழகான பச்சை. மீட்பு வெற்றி என்று காட்டும் பல படங்களில் இருப்பது இதுதான். நீர்மட்டம் உயர்ந்து நின்றால் நடுப்பகுதியில் அது தளரும். ஓரங்களில் கையால்தான் சுருட்டி எடுக்க வேண்டும். வெள்ளைக் குழல் பூவோடு நிற்கும் காலா லில்லியும் அழகில் ஏமாற்றும். அதன் கிழங்கை முழுதாகத் தோண்டாமல் விட்டால் மறு மழைக்கு இரு மடங்காக வரும்.

சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) ஓரத்தில் நின்றால் அவை உறிஞ்சும் நீரைச் சதுப்பின் குழாய்களிலேயே பார்க்கலாம். சீகையை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளாதீர்கள். அதன் விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும் ஆயிரக்கணக்கில் முளைக்கும். எவ்வளவு பரப்பின் கன்றுகளைத் தொடர்ந்து நாலைந்து ஆண்டு பிடுங்க ஆள் இருக்கிறதோ, அவ்வளவு பரப்பை மட்டும் திறங்கள். கன்று பிடுங்க நல்ல நேரம் மழை ஓய்ந்த மறுவாரம், வேரோடு வரும். வெட்டிய மரத்தைச் சதுப்பின் குறுக்கே இழுத்தால் அந்தத் தடமே அடுத்த கானாகிவிடும்.

செடிக் கணக்கை ஆண்டுக்கு இருமுறை எடுங்கள்: பூக்கும் காலமான செப்டம்பர், அக்டோபரில் ஒன்று, மார்ச்சில் ஒன்று. ஜனவரியில் உறைபனி கருக்கிப் பழுப்பாய்க் கிடப்பதைப் பார்த்துச் செடி செத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். வேர் உயிரோடு இருக்கும்.

படி 5: மண்

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

துளைக்கருவியைச் செங்குத்தாக இறக்கி, 20 சென்டிமீட்டர் 20 சென்டிமீட்டராக ஒரு மீட்டர் வரை எடுங்கள். பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து தொட்டி மாதிரி வைத்து, எடுத்த மண்ணை அதே வரிசையில் அடுக்குங்கள். உடனே படம் எடுங்கள், அளவுகோல் பக்கத்தில் இருக்கட்டும். காற்றுப் பட்ட சில நிமிடங்களில் நிறம் மாறத் தொடங்கிவிடும்.

முதலில் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு, அந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லை என்பதற்குச் சாட்சி. புது மழை வாடை போல வந்தால் காற்றுப் புகுந்து மட்கிக்கொண்டிருக்கிறது.

பிறகு நிறம். மேலே கறுப்பு அல்லது அடர்பழுப்பு, அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறக் களிமண் என்றால் நெடுங்காலம் நீரில் நின்ற மண். அந்தச் சாம்பலுக்குள் துருவின் நிறத்தில் மெல்லிய கோடுகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு கோட்டை நகத்தால் பிளந்தால் நடுவில் பழைய வேரின் குழல் இருக்கும். கோரை தன் தண்டின் காற்றறைகள் வழியாக ஆக்சிஜனை வேருக்கு அனுப்புகிறது. வேரைச் சுற்றிக் கசிந்த ஆக்சிஜனில் இரும்பு துருப்பிடிக்கிறது. ஒரு செடி சேற்றுக்குள் மூச்சு விட்ட தடம் அது. மீட்கப்பட்ட சதுப்பில் இளம் வேரைச் சுற்றிப் புதுத் துருக்கோடு தென்படுவது, நீர் வந்ததற்கு மண் தரும் முதல் பதில்.

அடுத்து, பிழிதல். ஒரு கைப்பிடி ஈரப் பீட்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். தெளிந்த நீர் வந்து, நார் நாராகக் கையில் நின்றால் மட்காத இளம் பீட். பழுப்பு நீர் வந்தால் நடுத்தரம். விரலிடுக்கில் எல்லாமே கூழாக வழிந்து கையில் எதுவும் நிற்கவில்லையென்றால் முழுக்க மட்கிவிட்டது. ஸ்வீடனைச் சேர்ந்த வான் போஸ்ட் இதை 1 முதல் 10 வரையான அளவுகோலாக்கினார். உலகெங்கும் பீட் ஆய்வாளர்கள் இன்றும் கையால்தான் பிழிந்து பார்க்கிறார்கள். நல்ல சதுப்பில் மேலே நாராகவும் கீழே போகப்போகக் கூழாகவும் இருக்கும். காய்கறி போட்ட பள்ளத்தில் மேல் அடுக்கே கூழாகவோ பொடியாகவோ இருக்கும், வேப்பங்கொட்டை அளவில் சுண்ணாம்புக் கட்டியும் சில சமயம் கிடைக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மண்ணின் பிஎச் பக்கத்துச் சதுப்பைவிடக் கூடுதலாக வந்தால் குழம்ப வேண்டாம், விவசாயி போட்ட சுண்ணாம்பின் மிச்சம்.

காய்ந்த பீட் கட்டி ஒன்றின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். நீர் உள்ளே இறங்காமல், சேம்பு இலையில் நிற்பது போல முத்தாக உருண்டு நிற்கும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த பீட் மறுபடி நீரை எளிதில் ஏற்காது. வடிகால் அடைத்த பிறகும் சில இடங்கள் ஏன் ஈரமாக மறுக்கின்றன என்பதற்கு அந்தச் சொட்டுத்தான் விளக்கம்.

இப்போது எடை. ஐந்து சென்டிமீட்டர் விட்டம், பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள கூர் விளிம்புக் குழாயை மண்ணில் அமுக்காமல், சுற்றிலும் கத்தியால் வெட்டியபடி இறக்குங்கள். அதன் கொள்ளளவு 196 கன சென்டிமீட்டர். உள்ளே உள்ள மண்ணை 105 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுங்கள். 49 கிராம் வந்தால் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.25 கிராம். சாதாரண வயல் மண் 1.2-க்கு மேல் வரும். நல்ல பீட் 0.1 முதல் 0.3 வரை. மீட்கப்பட்ட சதுப்பில் பழைய உழவு, மாட்டுக் குளம்பு, மண் காய்ந்து கிடந்த காலம் எல்லாம் சேர்ந்து எண்ணை ஏற்றி வைத்திருக்கும். அது குறைய நெடுங்காலம் ஆகும்.

கார்பனுக்கு மட்டும் ஆய்வகம் வேண்டும். வழக்கமான மண் பரிசோதனை முறை இவ்வளவு கரிமப் பொருள் உள்ள மண்ணில் சரியாக வராது. உலர்த்திய மண்ணை 550 டிகிரியில் நான்கு மணி நேரம் எரித்து இழந்த எடையைச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அதில் ஏறத்தாழ பாதி கார்பன். அடர்த்தி 0.25, கார்பன் 20 சதவீதம், ஆழம் ஒரு மீட்டர் என்று வைத்தால் ஒரு ஹெக்டேருக்கு 500 டன் கார்பன் வருகிறது. இந்தக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். இருக்கும் கார்பன் காற்றில் போகாமல் தடுப்பதுதான் முதல் ஆதாயம், புதிதாகச் சேர்ப்பது மிக மெதுவாகவே நடக்கும். மீண்டும் நனைந்த சதுப்பு கொஞ்சம் மீத்தேனும் விடும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எண்களை எப்படிப் படிப்பது

2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு உலகின் 621 மீட்கப்பட்ட, உருவாக்கப்பட்ட ஈரநிலங்களைத் தொகுத்துப் பார்த்தது. நூறு ஆண்டு கடந்தும் செடி முதலான உயிர் அமைப்பு, கைபடாத ஈரநிலங்களைவிடச் சராசரியாக 26 சதவீதம் குறைவாகவும், மண்ணில் கார்பன் சேர்வது போன்ற செயல்பாடுகள் 23 சதவீதம் குறைவாகவும் இருந்தன. குளிர்ந்த இடங்களிலும் சிறிய பரப்புகளிலும் மீட்சி இன்னும் மெதுவாக நடந்தது. நம் மலைச் சதுப்புகள் சிறியவை, குளிர்ந்தவையும் கூட. ஆகவே மூன்றே ஆண்டில் உங்கள் மண்ணின் எண் அசையவில்லை என்று மனம் தளராதீர்கள். கார்பனை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அளந்தால் போதும். அதைவிட முக்கியம், இன்னும் கெடாமல் இருக்கும் சதுப்பைக் கெட விடாமல் வைப்பது. மீட்கும் வேலைக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அதற்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நோட்டில் ஒரே பக்கத்தில் மூன்று வரிசை போடுங்கள்: நீர், செடி, மண். நீர்மட்டம் நன்றாக இருந்தும் செடி மாறவில்லையென்றால் மேலிருந்து உரம் இறங்குகிறதா, விதை வரும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். செடி நன்றாக இருந்தும் நீர்மட்டம் கோடையில் விழுந்தால் எங்கோ ஒரு கான் ஒளிந்திருக்கிறது, அல்லது பக்கத்தில் கிணறோ மோட்டாரோ ஓடுகிறது. துளைக்கருவியில் மேலே புது மணல் அடுக்கு வந்தால் சரிவில் மண் அரிக்கிறது; சதுப்பை விட்டுவிட்டு மேலே ஏறிப் போய் அங்கே வேலை செய்யுங்கள்.

செய்யக் கூடாத இரண்டு

தூர்வாராதீர்கள். சமவெளிக் குளத்துக்கு அது நல்லது. சதுப்பில் தூர் என்று நீங்கள் அள்ளுவதுதான் சதுப்பு. இயந்திரத்தை இறக்கி நடுவில் குளம் தோண்டினால் சுற்றியுள்ள பீட்டின் நீர் எல்லாம் அந்தக் குழிக்கு வடியும். குழியில் தண்ணீர் பளபளக்கும், படம் நன்றாக வரும், ஓரங்கள் காய்ந்து பிளக்கும்.

மரம் நடாதீர்கள், சோலை மரமாக இருந்தாலும். உறைபனி தேங்கும் ஈரப்பள்ளத்தில் புல்லும் கோரையும் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. நட்டே ஆக வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், சோலையின் சிதைந்த ஓரத்தைக் காட்டி அங்கே அனுப்புங்கள்.

மாதம் ஒருமுறை நீர்மட்டம், ஆண்டுக்கு இருமுறை செடி, ஆண்டுக்கு ஒருமுறை மார்ச்சில் துளைத்துப் பார்த்தல். எடுத்த மண்ணைப் படம் பிடித்ததும், எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் குழிக்குள் திருப்பிப் போட்டு மிதித்துவிடுங்கள். குழாய்களின் மூடியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திறந்து கிடந்தால் தவளை உள்ளே விழுந்து ஏற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.